சாக்கும் சாட்சியும்

(தேனியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



துப்பறியும் கதை பற்றிப் பேச, ஓய்வுபெற்ற ஒரு சிவில் இன்ஜினியரை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று அழைப்பு வந்த அன்றே கேட்டேன். "நீங்க போடி பஸ்ஸில் உட்கார்ந்து மாத நாவல் படிச்சுக்கிட்டே வருவீங்க, பார்த்திருக்கோம்" என்றார்கள். மறுக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் நான் படித்த துப்பறியும் நாவல்களை அடுக்கினால் ஒரு லிண்டல் உயரம் வரும்.

நமக்கு இந்த இலக்கியம் புதிதில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-லேயே வந்துவிட்டது. அதில் துப்பறிகிறவர் கோவிந்தன். பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால் என்று வரிசை நீளும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். முறையாக ஆபீஸ் போட்டு, போர்டு மாட்டி, தனியார் துப்பறியும் தொழிலையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர்கள் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி. இவர்கள் எல்லோரோடும் நான் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஆனால் நான் படித்த வரையில் கட்டட வேலை நடக்கும் இடம் என்பது இந்தக் கதைகளில் பிணம் கிடக்கும் இடம், அவ்வளவுதான். கட்டி முடிக்காத ஏழாவது மாடி, இருட்டு, ஒரு டார்ச் லைட், அலறல். கட்டடத்துக்கு அங்கே வேறு வேலை இல்லை.

சினிமாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆளைத் தூணுக்குள் வைத்துக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். தொழில் தெரிந்தவனுக்கு அங்கே சிரிப்பு வந்துவிடும். நம் ஊர் வீட்டுத் தூண் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம். உள்ளே நாலோ ஆறோ மெயின் கம்பி. அதைச் சுற்றி ஐந்தாறு அங்குலத்துக்கு ஒரு ரிங். பூனையைக்கூட நுழைக்க முடியாது. ரிங்கை அறுத்துவிட்டு நுழைக்கலாம் என்றால், விடிந்ததும் கம்பி கட்டுகிறவர் வந்து நிற்பார். "எவன்டா என் ரிங்கைக் கழட்டுனது?" என்று அவர் போடும் சத்தத்தில் கொலைகாரன் தானே வந்து சரணடைந்துவிடுவான்.

வேடிக்கையாகச் சொன்னாலும் நான் பேச வந்த விஷயம் அந்தக் கம்பிக்காரர்தான். துப்பறியும் கதைக்கு யாருமே பார்க்காத ஒரு குற்றம் வேண்டும். கட்டட வேலையில் அப்படி ஒன்று நடக்க வழியே இல்லை. கலவை போடுகிறவர், சட்டி தூக்குகிற சித்தாள், வாங்கிக் கொட்டுகிற நிமிந்தாள், மட்டம் பார்க்கிற கொத்தனார், ராத்திரி காவல் இருக்கிற பெரியவர் என்று பத்துப் பேர் கண்ணில் படாமல் ஒரு சட்டி கலவை நகராது. எல்லோருக்கும் தெரிந்த உண்மை எப்படி மர்மமாக மாறுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் துப்பறியும் கதை.

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசில் நடந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஊர், ஒரு சின்ன அரசுக் கட்டடம். ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம். அப்போது சிமெண்டை இலாகாவே கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும். தீர்ந்ததும் காலிச் சாக்கை அவர் திருப்பிக் காட்ட வேண்டும். சாக்கு எண்ணினால் சிமெண்ட் எண்ணின மாதிரி. கொடுத்தது 400 மூட்டை. தளம் போட்டு முடித்து, பூச்சும் ஆகிவிட்டது. பூச்சில் ஆணியால் கீறினேன். மணல் பொலபொலவென்று கொட்டியது. சாக்குகளை எண்ணச் சொன்னேன். சரியாக 400.

அந்தச் "சரியாக" என்பதுதான் எனக்கு உறுத்தியது. வேலை நடக்கிற இடத்தில் காலிச் சாக்கு முழுசாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சித்தாள் பெண்கள் கிழித்துச் சும்மாடு கட்டுவார்கள். சென்ட்ரிங் பலகைச் சந்தில் பால் ஒழுகாமல் இருக்கத் திணிப்பார்கள். காவல்காரர் விரித்துப் படுப்பார். நூற்றுக்கு ஐந்தாவது காணாமல் போனால்தான் அங்கே உண்மையாகவே வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஒரு சித்தாள் அக்கா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், அந்தக் கோடியில இருக்குற கட்டை உதறிப் பாருங்க. தூசி வருதான்னு பாருங்க. எருக்குப்பை வாசம்ல அடிக்குது."

உதறினேன். சிமெண்ட் சாக்கு எத்தனை தடவை உதறினாலும் ஒரு சாம்பல் புகை கிளம்பும். இதில் கிளம்பவில்லை. மாட்டுச் சாணத்தின் காய்ந்த நெடிதான் வந்தது. திராட்சைத் தோட்டத்துக்கு எரு அள்ளிப் போட்ட சாக்குகள். பிறகு சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன். எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று கம்பெனிக்காரன் ஒவ்வொரு மூட்டையிலும் போட்டிருப்பான். இலாகா கொடுத்த மூட்டைகள் அந்த வருஷத்தவை. அந்தக் கட்டில் இருந்த எழுபது சாக்கும் முந்தின வருஷம். எழுபது மூட்டை நல்ல சிமெண்ட் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கிறது; கணக்குக்குத் தோட்டத்திலிருந்து எழுபது சாக்கு வந்திருக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸாக இருந்தால் இந்த இடத்தில் அத்தியாயம் முடிந்திருக்கும்.

எனக்கு முடியவில்லை. மேலே கொண்டுபோனேன். "தளம் நிக்குதா?" என்று கேட்டார்கள். "நிக்குது சார்." "அப்புறம் என்ன, பில்லைப் போடு." எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். புதுசாக வேலைக்கு வந்தவன், மாற்றல் பயம், வீட்டில் தங்கை கல்யாணம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தமிழில் அந்தச் சாக்குக்கும் இந்தச் சாக்குக்கும் ஒரே சொல் அமைந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதற்கு நேர்மாறாக, சாட்சியைக் கேட்கவும், கேட்டதைச் சொல்லவும் ஆள் இருந்த ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி, 1981 ஜூலை 17. ஹயாட் ரீஜென்சி ஓட்டல் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முற்றத்தின் குறுக்கே, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் நடைபாலங்கள். கீழே நடன விருந்து, கூட்டம். நாலாம் மாடிப் பாலம் அறுந்து, அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் மாடிப் பாலத்தோடு சேர்ந்து விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். அந்த ஊரின் ‘கான்சாஸ் சிட்டி ஸ்டார்’ பத்திரிகை போலீஸையும் அரசாங்கத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. வெய்ன் லிஷ்கா என்ற ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தன் செலவில் அமர்த்தியது. தனியார் துப்பறிவாளர் என்று நான் மனசாரச் சொல்லக்கூடியவர் அவர்தான். இடிபாட்டையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சில நாட்களிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி, மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் தாங்கியது. வேலையில் அதை இரண்டு துண்டாக்கிவிட்டார்கள். மேல் பாலம் கூரையில் தொங்க, கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கியது. கிணற்றுக்குள் ஒரே வடக்கயிற்றை இரண்டு பேர் மேலும் கீழுமாகப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று வையுங்கள். அவரவர் கை அவரவர் பாரத்தைத் தாங்குகிறது. கீழே இருப்பவர் கயிற்றை விட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால்? கயிறு அதே கயிறுதான். மேலே இருப்பவர் கையில் மட்டும் இரண்டு ஆள் பாரம். மேல் பாலத்து உத்தரத்தின் அடியில் இருந்த நட்டுக்கு அதுதான் நடந்தது. பிறகு நடந்த அரசு ஆய்வு, மாற்றாத வரைபடமே விதிமுறை கேட்ட வலுவில் 60 சதவீதம்தான் என்றது. பத்திரிகைக்கு அடுத்த வருஷம் புலிட்சர் விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட, அந்த நட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது பெரிது.

நம் பக்கத்தில் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, சாயங்கால மழை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் போனார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலியாட்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர் தரப்பிலிருந்து முதல் சாக்கு வந்தது. நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்து, கட்டமைப்பு வடிவமைப்பிலேயே கோளாறு என்று சொன்னது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அந்தத் தூண் சட்டத்துக்குள் கான்கிரீட் கொட்டிய கைகளுக்கு ஏதோ ஒரு சந்தேகம் வந்திருக்காதா? கேட்கலாம் என்றால், சொல்லக்கூடியவர்களே இடிபாட்டின் அடியில் கிடந்தார்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காவலுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்களுக்கு 2005-இல் சட்டம் வந்தது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் இங்கே அந்தத் தொழில் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற தொழிலாகவே இருக்கிறது. பையன் குடிக்கிறானா என்று விசாரிக்கப் பணம் கொடுப்பவர், அதைப் போல நூறு மடங்கு கொடுத்து வாங்கும் வீட்டின் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்பதில்லை. பதினைந்து சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டி, ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று, அதை உடைத்துப் பார்க்க ஆகும் செலவு ஒரு பிரியாணிக் கணக்குதான். 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குக் கட்டமைப்புக் கோளாறுக்குக் கட்டியவரே பொறுப்பு. இதை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

இனி நம் தலைக்கு மேலே இருக்கிற வழக்கு, முல்லைப் பெரியாறு அணை. கம்பத்தில் டீக்கடையில் "எத்தனை அடி?" என்று கேட்டால் எதன் அடி என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரும் அந்த எண்ணை நம்பித்தான் நாற்றங்கால் போடுகிறது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டு. அடுத்த வருஷம் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். இன்றைய சிமெண்ட் அதில் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட மண்ணின் பொடி சேர்ந்தால் நீருக்குள்ளேயே மெல்ல மெல்லப் பிடித்து இறுகும். நம் குருவனூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலையேறிப் போய்த்தான் அந்தச் சுவரானது.

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. ஊடுருவும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் படியும். நம் கொத்தனார்கள் "செவுத்துல உப்புப் பூத்திருக்கு" என்பார்களே, அது மாதிரி. அணை உள்ளே என்ன நினைக்கிறது என்பதற்கு அந்த வெள்ளைதான் முதல் வாக்குமூலம். அதைப் படித்துத்தான் 1930-களிலும் 1960-களிலும் துளை போட்டுச் சிமெண்ட் பாலை உள்ளே செலுத்தினார்கள்.

வழக்கு சூடுபிடித்தது 1979-இல். ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்தது. கேரளத்தில் பயம் பரவியது. நவம்பரில் மத்திய நீர்வளக் குழுமத்தின் தலைவர் வந்து பார்த்தார். 152 அடி வரை தேக்கிய தண்ணீரை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு உச்சியில் கான்கிரீட் தொப்பி, மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு இழுத்துக் கட்டிய இரும்பு வடங்கள், கீழ்ப்புறத்தில் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தித் தடுத்தது. 2010-இல் நீதிபதி ஆனந்த் தலைமையில் ஐவர் குழு.

துப்பறியும் கதை ரசிகனாக எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். சாட்சி சொல்ல அணையையே கூண்டில் ஏற்றினார்கள். உடம்பில் துளையிட்டு உள்ளே இருந்த காரையை உருளை உருளையாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் கேமராவை இறக்கிச் சுவரின் மறுமுகத்தைப் படம் பிடித்தார்கள். 2012-இல் குழு அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகளின் அமர்வு 142 அடியை உறுதி செய்தது. அந்த நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டபோது லோயர் கேம்ப்பில் வெடி வெடித்தார்கள்.

கசிவு இன்றைக்கும் இருக்கிறது. அணைக்குள் இருக்கும் சுரங்க நடையில் அதை அளந்து எழுதுகிறார்கள். ஒரே தண்ணீர்தான். மலைக்கு அந்தப் பக்கம் அது பலவீனத்தின் சாட்சி. இந்தப் பக்கம் அது ஆரோக்கியத்தின் சாட்சி. பொறியியல் என்ன சொல்லும்? கல் அணை கசியத்தான் வேண்டும். அடியில் புகுந்த நீரை வழியவிடாவிட்டால் அது அணையையே மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். அதற்காகவே வடிகால் துளை போடுகிறோம். எவ்வளவு கசிகிறது, போன வருஷம் இதே மட்டத்தில் எவ்வளவு, தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்பவைதான் கேள்விகள். நான் பள்ளத்தாக்குக்காரன். அணை நிற்கும் என்று நம்புகிறவன். ஆனால் அணைக்குக் கீழே, கேரளத்து வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் மழை ராத்திரிகளில் விழித்திருக்கிறவர்களை அரசியல்வாதிகளின் ஆட்கள் என்று நாம் தள்ளிவிடுவது, அன்றைக்கு என் மேலதிகாரி சாக்கைத் தள்ளிவிட்டது மாதிரிதான்.

இதைச் சொன்னதற்கே முன்வரிசையில் ஒருவர் முகம் மாறுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் இங்கிலாந்தில் சொத்தை விற்று வந்து அதை முடித்தார் என்ற கதை. நம் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். 2013 பொங்கலை ஒட்டி அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். என் வீட்டுப் பூஜை அறையிலும் அவர் படம் இருக்கிறது. ஆனால் கட்டட வழக்கில் துப்பறிகிறவர் கேட்கும் முதல் கேள்வி "பில் யார் கொடுத்தது?" என்பது. 81 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வேலை, சென்னை மாகாண அரசின் வேலை. திட்டத்தில் வேலை பார்த்த மெக்கென்சி 1899-இலேயே இதன் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். சொத்து விற்ற கதைக்கு ஒரு எழுத்துச் சான்றை இதுவரை யாரும் என் முன்னால் வைத்ததில்லை. இருந்தால் கொண்டுவாருங்கள், இதே மேடையில் நின்று திருத்திக்கொள்கிறேன். 2021-இல் மதுரையில் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அங்கிருந்த பொதுப்பணித் துறை வீட்டில்தான் பென்னிகுயிக் வாழ்ந்தார் என்று ஒரு சண்டை கிளம்பியது நினைவிருக்கும். அவர் இறந்தது 1911, அந்த வீடு எழுந்தது அதற்குப் பிறகு என்று அரசுத் தரப்பு இரண்டு தேதிகளைச் சொன்னது. சொத்தை விற்காவிட்டாலும் வெள்ளம் அடித்துக்கொண்டுபோன தடுப்புகளைத் திரும்பத் திரும்பக் கட்டியவர் அவர். அந்தப் படம் என் வீட்டில் அப்படியே இருக்கும்.

நான் தேடுகிற சாட்சிகள் வேறு. காய்ச்சலிலும் நோயிலும் அங்கே செத்தவர்கள் 483 பேர் என்று ஒரு கணக்குச் சொல்கிறது. அணைக்கு வடக்கே புதைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, எந்தக் கல்லுக்கு இடையில் காரை சரியாக இறங்கவில்லை என்று அவர்களுக்கும் அவர்களோடு சட்டி தூக்கியவர்களுக்கும் தெரிந்திருக்கும். நூற்றுக்கு மேல் வருஷம் கழித்துத் துளை போட்டுக் கேட்டோமே, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அவர்கள்.

என்னுடைய அந்தச் சின்னக் கட்டடம் இப்போது இல்லை. பதினைந்து வருஷத்திலேயே தளம் ஒழுகி, கம்பி துருப்பிடித்து, இடித்துவிட்டார்கள். எம்-புக்கையும் எடைக்குப் போட்டிருப்பார்கள். எனக்கு எதிரான சான்று எதுவும் மிச்சமில்லை. அந்தச் சித்தாள் அக்காவைப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த வாரமே அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். கான்ட்ராக்டரின் கூலி நோட்டில் அவர் ரேகை வைத்த பக்கங்களை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். ரேகையின் ஊதா மை நினைவில் இருக்கிறது. பக்கத்தில் எழுதியிருந்த பெயரை நான் வாசித்ததில்லை.